கண்ணாடி அணியாத முப்பரிமாணம்: ஒரு காட்சிக்கு 48 படங்கள்

நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவி நினைவிருக்கிறதா? 2011ஆம் ஆண்டு வெளிவந்த அதன் மேல்திரையில், கண்ணாடி அணியாமலேயே உருவங்கள் ஆழத்தோடு தெரிந்தன. ஆனால், கை சற்று விலகினால் போதும், படம் இரண்டாகத் தெரியும்.

நம் கண்களுக்கு இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. அதனால் இரண்டும் சற்றே வேறுபட்ட காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவற்றை இணைத்து ஆழத்தை உணர்கிறது. 3டிஎஸ் திரையிலிருந்த மெல்லிய தடுப்புக் கோடுகள் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் எனப் பிரித்து அனுப்பின. கண் இடம் மாறினால் கணக்கு தவறிவிடும்.

புதிய வகைத் திரைகளில் வரிவரியாக நுண்வில்லைகள் பதிக்கப்பட்டுள்ளன. சாய்த்தால் படம் மாறும் பிளாஸ்டிக் அடிக்கோலைப் பள்ளியில் பார்த்திருப்பீர்களே, அதே உத்திதான். அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தின் ‘போர்ட்ரெய்ட்’ திரைக்கு வழக்கமாக 48 கோணப் படங்கள் தேவை. தலையை அசைத்தால் பொருளின் பக்கவாட்டும் தெரியும். அருகில் இருப்பவரும் சேர்ந்து பார்க்கலாம்.

தலைவலி, படம் தயாரிப்பவருக்குத்தான். வினாடிக்கு 24 பிரேம் ஓடும் ஒரு நிமிட அசைவுப்படத்திற்கு 1,440 படங்கள் போதும். அதையே 48 கோணங்களில் உருவாக்கினால் 69,120! ஒரு படத்துக்கு 10 வினாடி என்றாலும் கணினி எட்டு நாள் ஓயாமல் இயங்க வேண்டும். அடுத்த வாரம் திட்டப்பணியை ஒப்படைக்க வேண்டியவர்கள் கவனிக்க.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலேயே தொடங்கலாம். மெய்நிகர் கேமராவை இடமிருந்து வலமாகச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஒவ்வோர் இடத்திலும் கேமராவைப் பொருளை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். அப்போது படத்தின் ஓரங்களில் உயரம் மாறி, இரு கண்களின் காட்சிகளும் பொருந்தாமல் போகும்; பார்ப்பவரின் கண்கள் களைத்துவிடும். கேமரா எப்போதும் நேராகவே பார்க்கட்டும். ‘ஷிஃப்ட்’ அமைப்பைக் கொண்டு காட்சியை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

முக்கியக் கதாபாத்திரத்தைத் திரையின் தளத்திலேயே நிறுத்துவது நல்லது. அதைவிட்டு மிகவும் முன்னாலோ பின்னாலோ இருப்பவை மங்கலாகும். திரைக்கு வெளியே நீளும் கை, படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டால் மாயம் கலைந்துவிடும்.

எட்டு நாள் வேலையைத் தொடங்குமுன், ஒரே ஒரு பிரேமை 48 கோணங்களில் எடுத்து, சாதாரணத் திரையில் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். திரைத் தளத்தில் உள்ள பொருள் அசையாமல் நிற்க வேண்டும். முன்னிருப்பவை ஒரு பக்கமும் பின்னிருப்பவை எதிர்ப்பக்கமும் நகர வேண்டும். நடுவில் நிற்பவரே ஆடினால், ‘ஷிஃப்ட்’ அளவைத் திருத்துங்கள்.