மினுக்குறதெல்லாம் ஹோலோகிராமா?

போன மாசம் விழுப்புரத்துல ஒரு கடையில பைக்குக்கு பிரேக் ஷூ வாங்கினேன். "ஒரிஜினல்தானா அண்ணே?"ன்னு கேட்டதுக்கு, "ஹோலோகிராம் ஒட்டியிருக்கு பாரு தம்பி"ன்னார். பெட்டி மேல ஸ்டிக்கர் வானவில் மாதிரி மினுக்குச்சு. நம்பி வாங்கிட்டேன். மூணே வாரத்துல, திண்டிவனம் பைபாஸ்ல பிரேக் சரியாப் பிடிக்கல. நல்லவேளை, முன்னாடி வண்டி எதுவும் இல்ல. மெக்கானிக் அண்ணன் கழட்டிப் பார்த்துட்டு, "டூப்ளிகேட்டு தம்பி"ன்னார். ஃபைனல் இயர் படிக்கிற நானே ஒரு ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாந்துட்டேன்! அப்புறம்தான் ஹோலோகிராம்னா என்னன்னு உட்கார்ந்து படிச்சேன்.

சாதாரண போட்டோவுல ஒளி எவ்வளவு பிரகாசமா வந்துச்சுங்கறது மட்டும்தான் பதிவாகும். ஒளி அலையோட கட்டம், அதாவது ஃபேஸ், தொலைஞ்சுடும். அதனாலதான் போட்டோ தட்டையா இருக்கு. அந்த ஃபேஸையும் சேர்த்துப் பதிவு செய்யற வழியை 1947-ல் கண்டுபிடிச்சவர் ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் காபர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை மேம்படுத்தப் போய்த்தான் இது அவருக்குக் கிடைத்தது. 1960-ல் லேசர் வந்த பிறகுதான் நல்ல ஹோலோகிராம்கள் சாத்தியமாச்சு. 1971-ல் காபருக்கு நோபல் பரிசு. 'ஹோலோஸ்'னா கிரேக்கத்துல 'முழுமை'.

எப்படி வேலை செய்யுது? வீடூர் அணைத் தண்ணியில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கல்லைப் போடுங்க. ரெண்டு அலையும் மோதுற இடத்துல ஒரு கோலம் உருவாகும். அதே மாதிரி லேசர் ஒளியை ரெண்டாப் பிரிக்கிறாங்க. ஒண்ணு பொருள் மேல பட்டுத் தகட்டுக்கு வருது, இன்னொண்ணு நேரா வருது. ரெண்டும் கலந்து உண்டாகுற நுண்ணிய கோடுகள் தகட்டுல பதியுது. பிறகு அந்தத் தகட்டுல ஒளியைப் பாய்ச்சினா, பொருள்ல இருந்து வந்த அதே அலை திரும்ப உருவாகும். தலையை நகர்த்தினா, முன்னாடி இருக்கிற பொருளுக்குப் பின்னாடி மறைஞ்சிருந்ததும் தெரியும்!

ஆனா மேடையில தோன்றுற 'ஹோலோகிராம்' பெரும்பாலும் இது இல்ல. 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் திறக்கப்பட்ட நேதாஜியின் 28 அடி 'ஹோலோகிராம் சிலை', கண்ணுக்குத் தெரியாத திரையில் 4கே புரொஜெக்டர் காட்டிய படம்தான். சாய்த்து வைத்த கண்ணாடியில் 'ஆவி'யைக் காட்டுற வித்தையை 1862-லேயே லண்டனில் ஜான் பெப்பர் செஞ்சு காட்டிட்டார். பேர் மட்டும்தான் புதுசு.

சரி, ஸ்டிக்கர்? அதுல இருக்கிறது ஒளியை வளைக்கிற அதே நுண்கோடுகள்தான். ஒரு அச்சு செஞ்சுட்டா, பிளாஸ்டிக் ஃபிலிம்ல அழுத்தி லட்சக்கணக்குல எடுக்கலாம். அசல் அச்சை அப்படியே நகல் எடுக்கிறது கஷ்டம். ஆனா போலி பண்றவனுக்கு அது தேவையே இல்ல. நமக்கு அசல் எப்படி இருக்கும்னு தெரியாதே! ஏதோ ஒண்ணு மினுக்கினாலே போதும், நாம வாங்கிடுவோம்.

அதனால அடுத்த தடவை மினுக்கலை மட்டும் பார்க்காதீங்க. சாய்ச்சுப் பார்த்தா என்ன உருவம், என்ன எழுத்து மாறணும்னு கம்பெனி வெப்சைட்டுல பாருங்க. சீரியல் நம்பர், கியூஆர் கோடு இருந்தா சரிபாருங்க. முக்கியமா, பில் கேளுங்க. நான் கேட்கல.