எலும்போடு ஒன்றிய உலோகம்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? பல் இருந்த இடத்தில் தாடை எலும்பும் நாளடைவில் தேய்ந்து போகிறது. உணவை மெல்லும்போது உண்டாகும் அழுத்தம் பல்லின் வேர் வழியாக எலும்பைச் சென்றடைகிறது. எலும்பு உறுதியாக இருக்க இந்த அழுத்தம் தேவை. வேலையில்லாத எலும்பை உடல் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். ஈறின் மேல் உட்காரும் பல்செட்டால் இதைத் தடுக்க முடிவதில்லை. எலும்பு தேயத் தேய, பல்செட்டும் ஆடத் தொடங்குகிறது.

அப்படியானால், செயற்கை வேர் ஒன்றைச் செய்து எலும்பிலேயே பதித்துவிட்டால் என்ன? தங்கம், பிளாட்டினம் முதலிய உலோகங்களைக் கொண்டு பலர் முயன்றார்கள். பெரும்பாலும் தோல்வியே கிட்டியது. அந்நியப் பொருள் உள்ளே நுழைந்தால், நம் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஓர் உறை அமைத்துவிடுகிறது. உறைக்குள் அகப்பட்ட வேர் எலும்பைப் பற்றாமல் ஆடிக் கழன்றுவிடும். எலும்பும் உலோகமும் நேரடியாக ஒன்று சேர மாட்டா என்றே மருத்துவர்கள் கருதி வந்தனர்.

இக்கருத்தை அசைத்தது ஒரு முயலின் கால் எலும்பு! சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில், 1952-ஆம் ஆண்டில், பெர் இங்வார் பிரானெமார்க் என்ற ஆய்வாளர் எலும்புக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். டைட்டானியத்தால் ஆன சிறு கருவியை முயலின் கால் எலும்பில் பொருத்தி, நுண்ணோக்கி வழியாகக் கவனித்தார். ஆய்வு முடிந்ததும் கருவியைக் கழற்ற முயன்றார். அது வரவில்லை! எலும்பு அதனோடு ஒன்றி வளர்ந்திருந்தது.

டைட்டானியத்துக்கு மட்டும் ஏன் இந்த வரவேற்பு? காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. சில நானோமீட்டர் தடிப்பே உடைய படலம் அது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆயினும், உடல் திரவங்கள் உலோகத்தை அரிக்காமல் அது காக்கிறது. எலும்பை உண்டாக்கும் செல்கள் அப்படலத்தின் மேல் படிந்து புதிய எலும்பைக் கட்டுகின்றன.

1965-இல் பிரானெமார்க் முதல் நோயாளிக்கு இம்முறையில் பல் பொருத்தினார். பிறவியிலேயே தாடைக் குறையுடைய அவருக்குக் கீழ்த்தாடையில் பற்களே இல்லை. 2006-இல் அவர் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அந்த வேர்கள் உழைத்தன. ஆனாலும் மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1982-இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது.

இன்று பல் மருத்துவர் தாடை எலும்பில் சிறு துளையிட்டு, மரையுள்ள டைட்டானியத் திருகைப் பதிக்கிறார். துளையிடும்போது உப்பு நீர் பாய்ச்சிக் குளிர்விப்பது அவசியம். 47 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெட்டுவிடும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களில் எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளும். பின்னர் அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தப்படும்.

இந்த உறுதியே ஒரு குறையும் ஆகும். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய தசைநார் உண்டு. சோற்றில் சிறு கல் கடிபட்டாலும் அது உணர்த்திவிடும். செயற்கை வேருக்கு அந்தத் தசைநார் இல்லை, உணர்வும் மங்கலே. மேலும், தாடை வளரும்போது மற்றப் பற்கள் அதனுடன் நகரும். எலும்போடு ஒன்றிய திருகு நகராது. ஆகவே தாடை வளர்ச்சி முடியுமுன் இச்சிகிச்சை செய்வதில்லை.

மாணவர்களே, விளையாடும்போது அடிபட்டு நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் எறிந்துவிடாதீர்கள். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். வேரில் ஒட்டியுள்ள தசைநார்ச் செல்கள் உயிரோடிருந்தால், அந்தப் பல்லே மீண்டும் தன் இடத்தில் ஊன்றிக்கொள்ளக் கூடும்.