ஏணைக்குக் கீழே என்ன போட்டீர்கள்?

போன வருடம் செப்ரெம்பர் கடைசியில் எங்கள் வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஏழு பேர் அல்கோன்குயின் பூங்காவுக்குப் போனோம். ஐந்து பேர் கூடாரத்தில், நானும் இன்னொரு தம்பியும் ஹமக்கில். வெக்ஸ்போர்ட்டிலிருந்து மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம், பிறகு முதுகில் பையோடு புறவோக்கிங் ஏரிக்கரை வரை நடை. இரண்டு மரங்களுக்கு நடுவே ஹமக்கைக் கட்டிப் படுத்தபோது கூடாரக்காரரைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களுக்கு முதுகுக்குக் கீழே வேரும் கல்லும், எனக்கு ஆகாயம்.

இரவு இரண்டு மணிக்கு அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஸ்லீப்பிங் பாக், அதற்கு மேல் ஜக்கெற், அதற்கும் மேல் துவாய். முன்பக்கம் வேர்க்கிறது, முதுகோ ஐஸ் பெட்டியில் வைத்தது போல. விடியும்வரை நெருப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"கீழ என்ன போட்டனி?"

"ஒண்டும் போடேல்ல அம்மா."

"ஏணையில பிள்ளையை வளர்த்தேக்க கீழயெல்லோ துணி மடிச்சுப் போடுறது. மேல எவ்வளவு போர்த்தினாலும் காணாது."

அம்மாவுக்கு ஹமக் என்ற சொல் புதிது, பொருள் பழையது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது அண்ணா கைக்குழந்தை. தென்மராட்சியில் ஒரு வளவில் மாமரக் கொப்பில் சேலையைக் கட்டி, உள்ளே சாக்கை மடித்துப் போட்டு, அதற்கு மேல் துணி விரித்து அவனை வளர்த்தினாராம். மாரிக்காற்று கீழாலே அடிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்லீப்பிங் பாக் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுத்தான் எங்கள் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. ஹமக்கில் படுத்தால் உங்கள் பாரம் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சை நசுக்கி அந்தக் காற்றை வெளியேற்றிவிடும். அடியில் மெல்லிய நைலோன் துணி, அதற்குக் கீழே ஏரிக்காற்று. ஹமக் என்ற சொல் கரிபியன் தீவுகளின் தைனோ மக்களிடமிருந்து வந்தது. அந்த வெப்பமான தீவுகளில் கீழாலே காற்றுப் போவது சுகம். எங்கள் ஒன்ராறியோவில் யூன் மாதத்து இரவும் 5 பாகைக்கு இறங்கலாம்.

ஆகவே பை அடுக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது அடியில் என்ன என்பதையே. இரண்டு வழி உண்டு. ஒன்று அண்டர்குவில்ற்: ஹமக்கின் வெளிப்புறத்தில், அடியில் தொட்டும் தொடாமலும் தொங்கும் பஞ்சுப் போர்வை. வெளியே தொங்குவதால் நசுங்காது. மிகவும் நல்லது, ஆனால் விலை நல்லதல்ல. மற்றது, கடைகளில் சுருட்டி விற்கும் பஞ்சுறையில்லாத நுரைப் பாய். மலிவு, நனையாது, ஆனால் இரவில் வழுக்கிக்கொண்டு ஓடும், தோள் இரண்டும் பாய்க்கு வெளியே நின்று குளிரும். இரட்டைத் துணி ஹமக் என்றால் இரண்டு துணிக்கும் நடுவே பாயைச் செருகுங்கள். இன்னொரு துண்டு வெட்டித் தோளுக்குக் குறுக்கே வையுங்கள். முதல் பயணத்துக்கு இது போதும்.

இங்கே ஒரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். "ஹமக் என்றால் பாரம் குறைவு" என்று கடைக்காரரும் நண்பர்களும் சொல்வார்கள். தனி ஹமக் அரைக் கிலோதான். பட்டி, நுளம்பு வலை, மேலே கட்டும் தறப்பாள், அடிப்பாய் எல்லாம் சேர்ந்தால் ஒருவர் தூங்கும் சிறிய கூடாரத்தின் பாரம் வந்துவிடும். நுளம்பு வலையை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மே, யூன் மாதங்களில் கறுப்பு ஈயும் நுளம்பும் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஹமக்கைத் தேர்ந்தெடுக்கக் காரணம் பாரம் அல்ல. சரிவிலும் கல்லிலும் ஈர நிலத்திலும் நிம்மதியாகப் படுக்கலாம் என்பதே.

பட்டியைப் பற்றி ஒரு கணக்கு. மெல்லிய கயிறு வேண்டாம். அது மரப்பட்டையை அறுக்கும். மரத்தின் சாப்பாடு ஓடுவது பட்டைக்கு உள்ளேதான். குறைந்தது 2.5 சென்ரிமீற்றர் அகலமான பட்டி கொண்டுபோங்கள். கட்டும்போது பட்டி கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகை சரிவாக நிற்க வேண்டும். 70 கிலோ பாரமுள்ளவர் படுத்தால் அந்தச் சரிவில் ஒவ்வொரு பட்டியிலும் 70 கிலோ இழுவை. தொய்யக்கூடாது என்று இழுத்து 10 பாகையில் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பட்டியிலும் 200 கிலோ! பட்டி அறும், அல்லது மரம் சரியும். கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். பட்ட மரமோ தொங்கும் காய்ந்த கொப்போ இருந்தால் அந்த இடம் வேண்டாம். படுக்கும்போது கொஞ்சம் மூலைவாட்டாகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் போல வளையாது.

இனிச் சாப்பாடு. இதில்தான் எங்கள் வீடுகளில் சண்டை வரும். அல்கோன்குயினின் உட்பகுதி முகாம்களுக்கு ரின்னும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகத் தடை. மீன் ரின் இல்லை, ஊறுகாய்ப் போத்தல் இல்லை. அம்மாமார் கவலைப்பட வேண்டாம், எங்கள் கட்டுச்சோற்றுப் பழக்கம் இதற்கென்றே பிறந்தது: பருத்தித்துறை வடை, பயற்றம் உருண்டை, சத்துமா, இடித்த சம்பல் ஒரு சின்ன பிளாஸ்ரிக் டப்பாவில். கருவாடு மட்டும் வேண்டாம். எங்களுக்கு மணக்கும் தூரத்தைவிடக் கரடிக்கு மணக்கும் தூரம் மிக அதிகம். சாப்பாடு, பற்பசை, சவுக்காரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளித் தொங்கவிட வேண்டும். அதற்கென்று ஒரு நீளக் கயிறு உங்கள் பையில் இருக்கட்டும். ஹமக்குக்குள் ஒரு ரொபியும் கொண்டுபோகாதீர்கள்.

அடுக்கும் ஒழுங்கு சுலபம். பைக்குள்ளே முதலில் ஒரு தடித்த குப்பைப் பை. அதன் அடியில் ஸ்லீப்பிங் பாக், அடிப்போர்வை, படுக்கும்போது மட்டும் போடும் காய்ந்த சொக்ஸ், கம்பளி உடுப்பு. பருத்தி ஜீன்ஸும் சாரமும் நனைந்தால் காயாது, வீட்டில் விடுங்கள். பாரமான சாப்பாடு நடுவில், முதுகோடு ஒட்டி. ஹமக் அதற்கு மேல். தறப்பாள் எல்லாவற்றுக்கும் வெளியே, வெளிப்பொக்கற்றில். மழைக்குள் போய்ச் சேர்ந்தால் பையைத் திறக்காமலே தறப்பாளை எடுத்துக் கட்டலாம். மற்றதெல்லாம் அதன் கீழே நனையாமல் வெளியே வரும். திரும்பும்போது கடைசியாக அவிழ்ப்பதும் அதைத்தான். "தறப்பாள் இருந்தால் வீடு இருக்குது" என்று அப்பா சொல்வார். வன்னியில் ஒன்றரை வருடம் அதற்குள் இருந்தவர்.

பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்ப எங்கள் பெற்றோர் பலருக்கு மனம் வராததற்கும் அதுதான் காரணம். அவர்கள் காட்டில் படுத்தது விடுமுறைக்கு அல்ல. அதனால் "சும்மா பயப்படாதீங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பாதை, எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்பிக் காருக்கு வருவோம் என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். உள்ளே தொலைபேசி பெரும்பாலும் வேலை செய்யாது என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு முகாமிடத்தில் 9 பேருக்கு மேல் தங்க முடியாது என்பதால் பெரிய குழு என்றால் இரண்டு இடம் பதிவு செய்ய வேண்டும். உண்ணி பார்ப்பது பற்றியும் பேசுங்கள். அது அல்கோன்குயினுக்கு மட்டுமல்ல, எங்கள் ஸ்காபரோவின் ரூஜ் பள்ளத்தாக்கிலும் இருக்கிறது.

போகுமுன் ஒரு இரவு வீட்டு வளவில் படுத்துப் பாருங்கள். இந்த மே மாதம் நான் அப்படித்தான் செய்தேன். பின்வளவில் மேப்பிள் மரம் ஒன்று, கராஜ் ஓரத்தில் இன்னொன்று. லோறன்ஸ் அவெனியூ பஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணி இருக்கும், பின்கதவு திறந்தது. அம்மா செருப்போடு புல்லில் நடந்து வந்து, என்னை எழுப்பாமல், ஹமக்கின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நான் நித்திரை போலக் கிடந்தேன்.

"இன்னும் ஒண்டு போட்டிருக்கலாம்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு உள்ளே போனார். மூன்று மணிக்குத் தோள் குளிர்ந்தது. நுரைப் பாயில் இன்னொரு துண்டு வெட்டிவிட்டேன்.