உங்களுக்குத் தெரியுமா? ஏழு வாரம் வாழ்ந்த டேப்லெட்

ஐபேடுக்குப் போட்டியாக ஹெச்பி நிறுவனம் 'டச்பேட்' டேப்லெட்டை அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது 2011 ஜூலை 1-ல். கைகழுவுவதாக அறிவித்தது ஆகஸ்ட் 18-ல். ஏழே வாரம்! இத்தனைக்கும் அதன் வெப்ஓஎஸ் மென்பொருளை உருவாக்கிய பாம் நிறுவனத்தை முந்தைய ஆண்டுதான் சுமார் 120 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். சுமார் 500 டாலருக்கு வந்து, சீந்துவாரில்லாமல் கிடந்த 16 ஜிபி மாடலுக்கு 99 டாலர் என்று விலை ஒட்டியதும் கடைகளில் தள்ளுமுள்ளு. சரக்கு தீர்ந்துபோய், தான் தலைமுழுகிய பொருளையே ஹெச்பி இன்னொரு முறை தயாரித்து விற்றது. விலைதான் வில்லன் என்பது அப்போதாவது புரிந்திருக்கும்.

வெப்ஓஎஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. 2013-ல் எல்ஜி அதை வாங்கியது. உங்கள் வீட்டு எல்ஜி ஸ்மார்ட் டிவியை இயக்குவது பெரும்பாலும் அதுதான்.