உழைத்த உடலும் சீனி வருத்தமும்

வலை இழுப்பது, நெல் வெட்டுவது, கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, சந்தைக்கு நடந்து போவது எல்லாம் மருத்துவக் கணக்கில் ஒரே இனம்: உடற்செயற்பாடு. தசைகள் இயங்கி, உடல் சக்தியைச் செலவிடும் எந்த அசைவும் இதில் அடங்கும். உடற்பயிற்சி இதன் ஒரு சிறு கிளை. உடலைத் திடமாக வைத்திருக்கும் நோக்கத்தோடு, திட்டமிட்டு, திரும்பத் திரும்பச் செய்வது அது. இவ்விரண்டாலும் உடலில் சேரும் வலுவுக்கு உடற்தகைமை என்று பெயர். எவ்வளவு தூரம் மூச்சிரைக்காமல் நடக்கலாம், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பது அதன் அளவு. அமெரிக்க ஆய்வாளர்களான காஸ்பர்சன், பவல், கிறிஸ்டென்சன் மூவரும் 1985இல் இவற்றைத் தனித்தனியே வரையறுத்தார்கள். ஊர்ப் பேச்சில் இவை இன்னும் கலந்துதான் கிடக்கின்றன. “நாங்க பாடுபடுற ஆக்கள், எங்களுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்?” என்ற கேள்வி அந்தக் கலப்பிலிருந்து வருவது. கேள்வியில் பாதி நியாயம் உண்டு.

அந்தப் பாதி எது என்று பார்க்க மாங்கேணி நல்ல இடம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட முனையில், கோறளைப்பற்று வடக்குப் பிரிவில், வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையே ஏ-15 வீதியோரம் கிடக்கும் ஊர் இது. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் களப்பும் பற்றைக்காடும். கடல் தொழில், களப்பில் இறாலும் மீனும், மழைக்கு வயல், சேனை, கஜுத் தோட்டம் என்று பிழைப்பு பல கிளையாகப் பிரிந்திருக்கிற பகுதி. தமிழ் பேசும் கரையோர வேடர்களும் இந்தப் பிரிவில் வாழ்கிறார்கள்.

களப்பில் வீச்சு வலை எறிபவரின் உடலைக் கவனித்தால் போதும். தொடையளவு தண்ணீரில் சேற்றில் கால் ஊன்றி நிற்கிறார். நனைந்த வலையின் ஒரு பகுதி முழங்கையில், ஒரு பகுதி தோளில். இடுப்பைத் திருப்பி, கால் பெருவிரல் வரை பலம் கொடுத்து எறிந்தால் வலை வட்டமாக விரிந்து விழுகிறது. பிறகு ஈயக் குண்டுகளின் பாரத்தோடு மெல்ல இழுக்க வேண்டும். பத்தடி தள்ளிப் போய் மீண்டும் அதே வேலை. மூச்சு, தசை, சமநிலை மூன்றுக்கும் இதில் பயிற்சி இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை 1 ‘மெட்’ என்று கொள்வார்கள். 3 முதல் 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். வேகநடை 3ஐத் தாண்டும். சேற்றில் நின்று வலை வீசுவது அதற்குக் குறையாது. வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தரச் செயற்பாடு வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடினமானது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. தொழிலுக்குப் போகும் நாட்களில் வலைகாரர் அந்த அளவை அநாயாசமாகத் தாண்டிவிடுவார்.

இந்த அசைவு உடலுக்குள் செய்யும் வேலைகளில் முக்கியமானது சீனி தொடர்பானது. சோறும் பிட்டும் செரித்துக் குருதியில் குளுக்கோசாகக் கலக்கின்றன. அதைக் கலங்களுக்குள் விட இன்சுலின் வேண்டும். அப்படி உள்ளே போவதில் மிகப் பெரிய பங்கைத் தசைகளே வாங்கிக்கொள்கின்றன. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராமலும் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். வேலை முடிந்த பின்னும் சில மணி நேரம், சிலவேளை ஒரு நாளுக்கு மேலும், தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். குருதிக் குழாய்களிலும் இதே கதை. வேகமாக ஓடும் குருதி குழாயின் உட்சுவரைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கச் செய்கிறது, குழாய் தளர்கிறது, அமுக்கம் இறங்குகிறது. ஆனால் இரண்டு பலனுமே சில நாட்களில் கரைந்துபோகும். இளமையில் தோணி தாங்கியவரின் உடல் அதை ஐம்பது வயதுக்குச் சேமித்து வைப்பதில்லை.

அசைவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையில் முதலில் காட்டியவை இலண்டன் பஸ்கள். ஜெரி மொறிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்ட ஆய்வில், நாள் முழுவதும் இருக்கையில் இருந்த சாரதிகளைவிட, இரட்டைத் தட்டு பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கொண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்தி வந்தது, உயிரிழப்பும் குறைந்தது. உடல் பெருத்தவர்கள்தான் சாரதி வேலைக்குப் போனார்களோ என்ற எதிர்க்கேள்வி எழுந்தது. மொறிஸ் அதைத் தட்டிக் கழிக்கவில்லை. ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனாலும் இடுப்பளவு ஒத்தவர்களுக்குள்ளும் வேறுபாடு நின்றது. நோய்க்கான காரணத்தைத் தேடுவதில் இப்படி ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்கும் பொறுமை அவசியம். “எங்கட அப்பப்பா சுருட்டுக் குடிச்சே தொண்ணூறு வயது இருந்தவர்” என்ற வாதம் தோற்பது அந்த இடத்தில்தான்.

கிழக்கின் கரையோரத்தில் உழைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை, துண்டு துண்டாகக் கழன்றது. கோல் ஊன்றிய தோணிக்கு எஞ்சின் வந்தது. ஆட்கள் வரிசையில் நின்று இழுத்த கரைவலையைச் சில இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் இழுத்தது. அரிவு வெட்டையும் சூடடிப்பையும் வெட்டு மெசின் ஒரே ஓட்டத்தில் முடிக்கிறது. உரலும் உலக்கையும் மில்லுக்குப் போய்ப் பல காலம். யுத்தத்துக்குப் பின் ஏ-15 வீதியில் மிதவைப் பாதைகளை நம்பியிருந்த துறைகளில் பாலங்கள் எழுந்தன. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது. இவற்றில் ஒன்றையும் குறை சொல்ல முடியாது. முதுகு முறிய உழைத்தவருக்கு வெட்டு மெசின் ஒரு வரம். ஆனால் சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் பழைய உழைப்பின் அளவிலேயே நின்றுவிட்டது.

இடையில் ஒரு பெரிய அறுப்பும் உண்டு. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பகுதி மக்கள் போரால் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள். அங்கே வலையும் இல்லை, வயலும் இல்லை; நிவாரணமாக அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். சும்மா இருப்பது உடலை எவ்வளவு விரைவாக இறக்கும் என்பதற்கு டலஸ் நகரில் 1966இல் நடந்த சோதனை சாட்சி. இளைஞர்கள் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டார்கள். உடல் உச்ச அளவில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் திறன் நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பது வருட முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரம் பறித்தது அதிகம் என்று தெரிந்தது. பயிற்சி கொடுத்ததும் திறன் திரும்பியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கிடையே சீனி வருத்தம் என்ற நீரிழிவும் பரவியது. இலங்கையில் 2005-06இல் எடுத்த நீரிழிவு ஆய்வில், இருபது வயதைக் கடந்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது, நகரத்தில் 16.4, கிராமத்தில் 8.7. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்வில் இல்லை. 2018-19 ஆய்வில் வளர்ந்தவர்களிடையே நீரிழிவு 23 சதவீதத்தைத் தொட்டது.

மெலிந்த தோற்றம் இதில் ஏமாற்றும். பூனேயைச் சேர்ந்த மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக் தெற்காசியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும், அந்த எடைக்குள் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைக் காட்டினார். உடல் நிறைச் சுட்டெண் 25 என்பது அதிக எடைக்குப் பொதுவான எல்லை. ஆசியரில் 23இலேயே ஆபத்து ஏறத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வயிற்றுக்குள் கொழுப்புக் கட்டுகிறது என்று அர்த்தம். சாரத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டும் பழக்கம் இந்தக் கணக்கைப் பல வருடம் மறைத்துவிடும்.

இனி, கேள்வியின் மற்றப் பாதி. தொழிலில் கிடைக்கும் அசைவும் ஓய்வில் கிடைக்கும் அசைவும் உடலுக்கு ஒன்றல்ல என்று டென்மார்க்கின் அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு தொடர்ந்து காட்டி வருகிறது. ஓய்வு நேரத்தில் நடப்பவருக்கு இதயநோய் குறைகிறது. நாள் முழுக்கப் பாரம் தூக்குபவருக்கு அந்தப் பலன் தெளிவாகக் கிடைப்பதில்லை, சிலவேளை எதிர்மாறாகவும் போகிறது. நீண்ட நேரம் அமுக்கம் ஏறியே நிற்பது, ஆறுவதற்கு இடைவெளி இல்லாதது ஆகியவை சொல்லப்படும் காரணங்கள். வறுமையும் புகையும் கணக்கைக் குழப்புகின்றன என்ற மறுப்பும் ஓயவில்லை. ஆனால் பொலிவியாவின் சிமானே பழங்குடியினர் வேட்டை, மீன்பிடி, சேனை என்று நாளின் பெரும்பகுதி உழைப்பவர்கள். 2017இல் வெளியான ஆய்வில் அவர்களில் 85 சதவீதத்தினரின் இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவே இல்லை. கல் சுமப்பதையும் காட்டில் அலைவதையும் ஒரே தராசில் போடுவது சரியில்லை என்றுதான் தோன்றுகிறது. வெயிலில் மணல் ஏற்றுபவரும் களப்பில் வலை வீசுபவரும் ஒரே அளவு வியர்க்கலாம், உடலுக்குக் கிடைப்பது ஒன்றாக இராது.

நோயைத் தள்ளிப்போட எவ்வளவு அசைவு போதும் என்பதற்குத் தமிழருக்குக் கிட்டிய சான்று சென்னையில் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேர் பங்கேற்றார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுக்குள் நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 39.3 சதவீதம். உடலுழைப்பு வேலை செய்தவர்களிடமும், அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குப் போனவர்களிடமும் புதிதாக எதுவும் கேட்கப்படவில்லை; அதையே விடாமல் செய்யச் சொன்னார்கள். எடை பெரிதாகக் குறையாமலேயே பலன் கிடைத்தது.

அசைவு தனியே நின்று எல்லாவற்றையும் சமாளிக்காது. கருவாட்டில் சேரும் உப்பு, நாளுக்கு நாலைந்து தடவை சீனி போட்ட பிளேன்டீ, சுருட்டு, புகையிலை வைத்த வெற்றிலை, கசிப்பு: ஒவ்வொன்றும் தனி வழியால் குருதிக் குழாயையும் வாயையும் ஈரலையும் தாக்கும். வெற்றிலைப் புகையிலை விளைவிக்கும் வாய்ப்புற்றை எந்த நடையும் தடுக்காது.

இந்த ஆபத்துகளை நோயாக முற்றுமுன் அளந்து பார்க்க, சுகாதார அமைச்சு 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தது. உயரம், நிறை, இடுப்பளவு, குருதி அமுக்கம், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் 40 முதல் 65 வயது வரை என்றிருந்ததன் கீழெல்லை பின்பு 35 ஆக இறக்கப்பட்டது. நாடு முழுவதும் இங்கே வருபவர்களில் பெண்களே அதிகம். பெரும்பாலும் கிழமை நாட்களில் காலையில் நடப்பவை இவை. இராத் தொழில் முடித்த மீனவர் அந்த நேரத்தில் மீனை ஏலத்தில் விட்டுக்கொண்டிருப்பார், அல்லது நித்திரையில் இருப்பார்.