உப்புக் காற்றும் பழைய காரும்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி இரயிலடிக்கு நாள்தோறும் சென்று வர, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்க எண்ணுகிறீர்களா? எஞ்சினின் ஓசையில் மயங்குமுன் குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். ஏரியும் கடலும் சூழ்ந்த மீனவர் குப்பங்களில் உப்புக் காற்றே தகட்டின் முதற்பகை. எஞ்சினைப் பழுது பார்த்துவிடலாம். தரைத் தகடு துருவேறிவிட்டால் டிங்கரிங் செலவுக்கு முடிவேயில்லை.

கால்மிதியைத் தூக்குங்கள். கதவின் அடிவிளிம்பையும் மட்கார்டின் உட்புறத்தையும் விரலால் தடவுங்கள். தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசப்பட்டிருக்கும். அடியில் புதுக் கருப்புப் பூச்சு மின்னினால் ஐயம் கொள்ளுங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை உண்மையைச் சொல்லிவிடும்.

எந்த வண்டி? மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. அதே 796 சி.சி. அளவு எஞ்சினுடன் வந்த ஆல்ட்டோ 800 போதும் என்பேன். எடை குறைவு, குறுகிய சந்தில் அதைத் திருப்புவதே ஓர் இன்பம். பின்னிருக்கையில் பிள்ளைகள் இடித்துக்கொண்டு அமர்வர். அவர்களுக்கு அதுவும் கொண்டாட்டமே. மீன் கூடையை மட்டும் ஏற்றாதீர்கள், உப்பு நீர் உள்ளிருந்தும் அரிக்கும்!

ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவு நீங்கியுள்ளதா, 15 ஆண்டுப் பதிவுக் காலம் எப்போது முடிகிறது என்று பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள். விற்பவர் படிவம் 29, 30 இரண்டிலும் உங்கள் முன்னிலையிலேயே கையொப்பமிடட்டும்.