ஏரியும் ஆகாய விமானமும்

"காலி நிலம்" என்று இரண்டு சொற்கள் நம் பாஷையில் வழங்குகின்றன. கேட்பதற்கு மிகவும் சாதுவான சொற்கள். ஆனால் சர்க்கார் காரியாலயம் ஒன்றில், அகலமான மேஜையின் மீது ஜில்லாவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நாலு அதிகாரிகள் இந்தச் சொற்களை உச்சரித்துவிட்டால், அப்புறம் அவற்றுக்கு ஏற்படும் சக்தி கொஞ்ச நஞ்சமல்ல. படத்தில் கட்டிடம் இல்லாத இடமெல்லாம் காலி நிலந்தான். ஏரி காலி, மேய்ச்சல் தரை காலி, அறுவடை முடிந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும் வயலும் காலி. "இங்கே என்ன செய்யலாம்?" என்ற கேள்வி உடனே பிறந்துவிடுகிறது. "இங்கே இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது?" என்ற கேள்வி பிறப்பதற்குச் சற்றுத் தாமதமாகிறது. சில சமயங்களில் அது பிறப்பதேயில்லை.

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன காஞ்சீபுரத்தைச் சுற்றிய பிரதேசத்தில், சில வருஷங்களாக முதற் கேள்வி மிகவும் பலமாக ஒலித்து வந்திருக்கிறது. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் எங்கே அமைப்பது என்று அதிகாரிகள் ஆராய்ந்தபோது படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் என்ற நாலு இடங்கள் யோசனையில் இருந்தன. கடைசியில் பரந்தூரே பொறுக்கி எடுக்கப்பட்டது. 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முதலமைச்சர் திரு மு. க. ஸ்டாலின் இதை அறிவித்தார். ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடிப் பிரயாணிகள் வந்துபோகக்கூடிய நிலையம் என்றும், செலவு ரூ. 20,000 கோடி என்றும் அப்போது சொல்லப்பட்டது.

பரந்தூர், காஞ்சி நகருக்கு வடகிழக்கே, சென்னையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். 2023-ல் சர்க்கார் உத்தரவு பிறந்தபோது, தேவையான நிலத்தின் கணக்கு 5,746 ஏக்கர் என்று ஆயிற்று. அதில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மிச்சம் 1,972 ஏக்கர் சர்க்கார் நிலம். ஏகனாபுரம், நெல்வாய், நாகப்பட்டு, தண்டலம், மகாதேவிமங்கலம் முதலிய கிராமங்கள் பரந்தூருடன் சேர்ந்து இந்தக் கணக்கிற்குள் அடங்கின.

விமான நிலையமே வேண்டாம் என்று வாதாடுவது இக் கட்டுரையின் நோக்கமன்று. மீனம்பாக்கத்திற்குப் போய்வந்தவர்களுக்கு அங்குள்ள நெருக்கடி தெரியும். ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் அடையாறு, மற்றப் பக்கங்களிலெல்லாம் வீடுகள். இப்போதே ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் வந்துபோகும் அந்த இடம், இனி எந்தப் பக்கம் கையை நீட்டும்? இந்த ஜில்லாவில் தொழில் பெருகியதால் வந்த நன்மையையும் மறைக்க வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது முதல், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு தடையில்லாமல் எரிகிறது. என் வகுப்பில் படித்துப்போன பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஆதலால் "பழையதெல்லாம் புனிதம், புதியதெல்லாம் பாவம்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆயினும் ஒரு கேள்வி இருக்கிறது. பரந்தூர்ப் பக்கத்து நிலம் உண்மையிலேயே காலியாக இருந்ததா?

குறிக்கப்பட்ட பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீர்நிலைகள் என்பது அத் திட்டத்தின் தஸ்தாவேஜுகளிலேயே காணும் செய்தி. பெரும் பகுதி நன்செய். கம்பன் கால்வாய் என்ற நீர்வழி இந்தப் பரப்பின் ஊடே சென்று, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் போய்ச் சேர்கிறது. பட்டணவாசிகள் இவ்விடத்தில் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரித் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரியை நாடிச் செல்கிறது. செம்பரம்பாக்கமோ சென்னை மாநகர் குடிக்கும் தண்ணீர். அதன் உபரி விழுவது அடையாற்றில். அடையாறு ஓடுவது மீனம்பாக்கத்து விமான ஓடுபாதையின் கீழே!

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அடையாறு பெருகிற்று. மீனம்பாக்கம் ஏரியாயிற்று. விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்களை உலகமே பார்த்தது. பல நாட்கள் நிலையம் மூடிக் கிடந்தது. தண்ணீருக்குப் பட்டாவும் தெரியாது, சர்க்கார் உத்தரவும் தெரியாது. தான் போய்ப் பழகிய வழியில் அது போகும். வழியை அடைத்தால் அடைத்தவன் வீட்டிற்குள் போகும். ஆகவே ஏரிகளைப் பற்றிய பேச்சை விமானத்திற்கு விரோதமான பேச்சு என்று கருதுவது தவறு. விமானம் நனையாமல் நிற்க வேண்டுமென்று விரும்புகிறவர்களே முதலில் ஏரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

செங்கற்பட்டு, காஞ்சீபுரம் ஜில்லாக்களை ஏரிகளின் நாடு என்று சொல்வது வழக்கம். இந்த ஏரிகளை இயற்கை தானாக உண்டாக்கிவிடவில்லை. வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் கொட்டுகிற மழையை வருஷம் முழுவதும் வைத்துச் சாப்பிடுவதற்காக, நம் முன்னோர்கள் மண்ணைச் சுமந்து கரை போட்டு, மதகு வைத்து, கலங்கல் கட்டி, ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டி அமைத்த ஏற்பாடு இது. ஒரு கணியை எடுத்துவிட்டால் மாலை முழுவதும் அவிழ்ந்துபோகும். இத்தகைய நிலத்தைக் கட்டிடம் இல்லாத காரணத்தால் "அபிவிருத்தி அடையாத பிரதேசம்" என்று எழுதுவதைப்போல் விநோதம் வேறு இல்லை. ஆயிரம் வருஷமாக அபிவிருத்தி செய்யப்பட்ட நிலம் அது.

அந்த அபிவிருத்தியை யார் நிர்வகித்தார்கள் என்று கேட்டால், அதற்குச் சாட்சியும் இதே ஜில்லாவில் இருக்கிறது. உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் செய்து வாரியங்களை அமைத்த முறை அங்கே விவரமாய்ச் சொல்லப்பட்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். மற்றொன்று தோட்ட வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினரும் மறுபடி உறுப்பினராக முடியாது என்ற விதியும் உண்டு. இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை ஆசனங்கள் காலியாகும் என்பதை வாசகர்களின் ஊகத்திற்கே விட்டுவிடுகிறேன். அந்தச் சபையில் எல்லா ஜாதியாருக்கும், பெண்களுக்கும், உழுத கைகளுக்கும் இடம் இருக்கவில்லை. அந்தக் குறையை மறைப்பதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் ஏரியின் கதியை ஏரியருகில் இருப்பவர்கள் கூடி நிர்ணயிக்க வேண்டும் என்ற கொள்கை, இந்த மண்ணுக்கு மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கல்ல என்பது அதனால் விளங்குகிறது.

கப்பலேறி வந்த ஒரு பெரியவரும் இதையேதான் சொன்னார். ஸ்காட்லாந்து தேசத்தில் தாவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்த பாட்ரிக் கெடிஸ் என்பவர், நகர அமைப்பைப் பற்றி ஒரு கண்காட்சியுடன் 1914-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்தார். கண்காட்சி வந்து சேரவில்லை. படங்களை ஏற்றி வந்த கப்பலை, சென்னை மீது குண்டு போட்டதே அந்த எம்டன், கடலில் மூழ்கடித்துவிட்டது! நண்பர்கள் அவசரமாக வேறு படங்கள் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு அவர் சென்னை ராஜதானியின் பல நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அவருடைய மனத்தைக் கவர்ந்த ஊர்களில் காஞ்சி தலையாயது. கோபுரங்களைப் பார்த்து வியக்காத வெள்ளைக்காரர் உண்டோ? கெடிஸ் வியந்தது கோபுரத்தை மட்டுமல்ல. தேர் திரும்புவதற்கு ஏற்ற அகன்ற வீதி, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், கோயிலுக்கு அருகே குளம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து ஒரு திட்டமாய் இருப்பதைக் கண்டு அவர் மகிழ்ந்தார். வைத்தியன் நாடி பார்த்த பிறகே மருந்து கொடுப்பதுபோல், நகரத்தையும் நிலத்தையும் முதலில் நடந்து பார்த்து அறிந்துகொண்டு, அப்புறமே கோடு போட வேண்டும் என்பது அவருடைய முக்கியமான உபதேசம்.

நடந்து பார்க்காதவர்களுக்கு எது தெரியாமற் போகும் என்பதற்குக் காஞ்சியின் நெசவாளர் தெருவே உதாரணம். படத்தில் அது ஒரு சாலை. இத்தனை அடி அகலம். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், அதே சாலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டிச் சீர்செய்துகொண்டிருப்பார்கள். அப்போது அது சாலையல்ல, பட்டறை. வீட்டிற்குள் தரையைத் தோண்டி அமைத்த குழித்தறி. அதன் எதிரே கணவன், பக்கத்தில் கோர்வைக்குக் கை கொடுக்கும் பிள்ளை, மூலையில் நூல் சுற்றும் மனைவி. இந்தக் குடும்பத்திற்கு நல்ல எண்ணத்துடனேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தால், அவர்கள் எங்கே குழி தோண்டுவார்கள்? நிலத்தின் உபயோகத்தை மாற்றுகிறவர்கள் தறியைத் தொடவேண்டியதே இல்லை. தறி தானாக நின்றுவிடும். காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதை நெய்வதற்கு அடுத்த தலைமுறை தறியில் உட்காருமா என்பது, ஊரைச் சுற்றியுள்ள நிலத்தை என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

வெளிநாடுகளின் அனுபவமும் சிந்திக்கத் தக்கது. கனடா தேசத்தில் மான்ட்ரியால் நகரத்திற்காக 1969-ல் மிராபெல் என்ற இடத்தைப் பொறுக்கி, ஏறத்தாழ 97,000 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாய் உழுத மண்ணைப் பறிகொடுத்தார்கள். 1975-ல் நிலையம் திறந்தது. எதிர்பார்த்த பிரயாணிகள் வரவில்லை. நகரத்திலிருந்து தூரம் அதிகம். போய்ச் சேர வசதியான ரயிலும் இல்லை. 2004-ல் பிரயாணி விமானங்கள் அங்கிருந்து அடியோடு நின்றுபோயின. எடுத்த நிலத்தில் பெரும் பகுதி விவசாயிகளுக்கே திரும்பிப் போயிற்று. அங்கே வயலை மறுபடி வயலாக்க முடிந்தது. மூடிய ஏரியை மறுபடி ஏரியாக்குவது எளிதா என்பதை நம்மவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பரந்தூர் விஷயத்தில் காரியங்கள் எவ்வாறு நடந்தன? 2022 ஜூலை கடைசி முதல் ஏகனாபுரத்து ஜனங்கள் போராட்டம் தொடங்கினார்கள். மாலை வேளைகளில் வேலை முடித்து வந்து கூடினார்கள். கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் திரும்பத் திரும்ப நிறைவேறிற்று. 2024 ஏப்ரலில் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தபோது அவ்வூரார் பெரும்பாலோர் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றார்கள். ஆயிரம் நாட்களைத் தாண்டியும் அவர்கள் கலையவில்லை. மறுபக்கத்தில், நீரோட்டத்தை ஆராய ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திரு மச்சேந்திரநாதன் தலைமையில் நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார் கொள்கை அளவில் அனுமதி வழங்கிற்று. அவ்வருஷம் ஜூலையில் சில நிலச் சொந்தக்காரர்கள் பணம் பெற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. விற்கவும் முடியாமல், கடன் வாங்கவும் முடியாமல், வருஷக் கணக்கில் தலைக்கு மேல் கத்தி தொங்கினால் எவ்வளவு காலந்தான் ஒருவர் பொறுப்பார்? ஆனால் பத்திரத்தில் பெயரே இல்லாதவன் ஒருவன் இருக்கிறான். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவன், ஏரி உள்வாயில் மாடு மேய்க்கிறவன். அவனிடம் கையெழுத்து வாங்கவும் வேண்டியதில்லை. அவனுக்கு என்ன நேர்ந்தது என்று குறித்துவைக்கப் பதிவேடும் இல்லை.

பரந்தூரோடு இந்தக் கேள்வி முடிந்துபோவதில்லை. 2022-ல் சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சாலையின் இரு மருங்கிலும் வண்ணக் கற்கள் முளைத்துக்கொண்டே மேற்கே வருகின்றன. காஞ்சியைச் சுற்றிய நிலம் ஒவ்வொன்றும் இன்றில்லாவிட்டால் நாளை அந்த மேஜைக்கு வரத்தான் போகிறது. அப்போது அதிகாரிகள் முன் மூன்று தாள்கள் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

முதல் தாள், தண்ணீரின் படம்: மழை எங்கே விழுந்து, எந்த வாய்க்கால் வழியாக எங்கே போகிறது என்பது. இரண்டாவது, தொழிலின் கணக்கு: அந்த நிலத்தால் இன்று யார் யார் பிழைக்கிறார்கள், சொந்தக்காரன் முதல் கூலியாள் வரை. மூன்றாவது, கிராம சபையின் தீர்மானமும் அதற்கு அதிகாரிகள் எழுதிய பதிலும். நிபுணர்களின் அறிக்கை எதுவானாலும், அது முதலில் அந்தந்த ஊர்ச் சாவடியில், எளிய தமிழில் உரக்கப் படிக்கப்படட்டும். இந்த மூன்று தாள்களையும் படித்த பிறகும் விமான நிலையமே தேவை என்று தோன்றினால், அதை ஜனங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு அதிகாரிகளுக்கு வரும். கேட்கிற ஜனங்களுக்கும், தோற்றாலும் ஏமாற்றப்படவில்லை என்ற ஆறுதலாவது இருக்கும்.

மூன்றும் மேஜைக்கு வரும் வரையில், படத்தின் மீது "காலி நிலம்" என்று எழுதுகிற பேனாவைக் கொஞ்சம் மூடி வைத்திருப்பது நல்லது.